தட்டைத் தூக்கச் சொன்னது யார்?

டிசம்பர் 1

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது டைரி எழுதத் தொடங்குகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆலையில் வருடா வருடம் இலவசமாகக் கொடுக்கும் டைரி இது. அம்மா இதன் மேல்தான் சூடான குழம்புச் சட்டியை இறக்கி வைப்பாள். அட்டையில் வட்டமாக ஒரு கறை. அதை ஆலையின் முத்திரை என்று வைத்துக்கொள்வோம்.

இன்றைய நிலவரம்: வீட்டில் அப்பாவுக்குக் கண் அறுவை. ஆலையில் தொடங்கப்போவது கரும்பு அரவை. பாலிடெக்னிக் லீவில் நான் வந்திருப்பதால் குவார்ட்டர்ஸ் முழுக்க அறுவை. மூன்றாவதுக்கு மயக்க மருந்து கிடையாது.

அப்பா ஞானமூர்த்தி ஆலையின் கம்ப்யூட்டர் அறைக்கு ராஜா. ஒரே ஒரு குடிமகன் உள்ள ராஜ்யம். அலமாரி உயரத்துக்கு ஒரு பழைய மிஷின், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. என்னைவிட மூத்தது. எடைமேடை, கரும்பு ரசீது, சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. போன வாரம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். வலது கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. அதனால் அவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. "படி, எழுத்து எழுத்தா படி, உன் கற்பனையைச் சேர்க்காத" என்கிறார். இரண்டு தடவைதான் சேர்த்தேன்.

வேந்தன் மாமா, அம்மாவின் தம்பி, ஆலை முற்றத்தில் 'தட்டு' ஆபரேட்டர். கரும்பு லாரி வந்து இரும்புத் தட்டின் மேல் நிற்கும். மாமா பொத்தானை அமுக்கினால் தட்டின் முன்பக்கம் வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொள்ளும். கரும்பு முழுவதும் பின்னால் சரியும். இன்று மாமாவின் டீயில் உப்புப் போட்டேன். சர்க்கரை ஆலை ஊழியருக்கு ஒரு மாறுதல் வேண்டாமா? "ஏய் குட்டிச்சாத்தான்!" என்று வாசல் வரை துரத்தினார்.

நாளை மறுநாள் அரவைத் தொடக்க விழா. ஆலைத் தலைவர் மேடையில் நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்குவார், மாலை போட்ட முதல் லாரியோடு தட்டு எழும்பும், எல்லாரும் கைதட்டுவார்கள். கேசரி உண்டு. நான் அதற்காகத்தான் போகிறேன்.

டிசம்பர் 2

விழா தள்ளிப்போய்விட்டது. தலைவரின் சம்பந்தி இறந்துவிட்டாராம். என் கேசரியும் அவரோடு போயிற்று.

சாயங்காலம் போனில் செய்தி வந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆபீசுக்கு ஒரு நடை போயிட்டு வரேன். ஒண்ணு மாத்தணும்."

"கண்ணைக் கட்டிக்கிட்டு என்னத்த மாத்தப் போறீங்க? தூசி பட்டா சீழ் வைக்கும்னு டாக்டர் சொன்னாரு இல்ல?" என்று அம்மா.

"அஞ்சு நிமிஷ வேலைடி."

செருப்பு மாட்டப் போனால் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று வாஷிங் மெஷினுக்குள் இருந்தது. அங்கே போன கதையை நான் மட்டும் அறிவேன். அப்பா கட்டில் அடியில் குனிந்து தேட, "குனியக் கூடாது, குனியக் கூடாது" என்று அம்மா கத்த, நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்துவிட்டது. கடைசியில் அவர் அலுத்துப்போய் உட்கார்ந்தார். "சரி, காலையில பாத்துக்கலாம்." மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

ஒற்றைக் கண், ஒற்றைச் செருப்பு. பொருத்தமான ஜோடி.

டிசம்பர் 3

எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வருகிறது.

டாக்டர் சீக்கிரமே வரச் சொன்னதால் ஆபீசுக்குப் போக நேரமில்லாமல், காலையில் அப்பாவை வெறுங்காலோடு கண் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆலைச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் சங்கு இல்லை, விட்டு விட்டு அலறும் சங்கு. அப்பா என் கையைப் பிடித்து, "மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கை சில்லிட்டுவிட்டது. மருந்துச் சொட்டு போட்டதால் இருக்கும்.

முற்றத்து வழியாகத்தான் குவார்ட்டர்ஸுக்குப் போக வேண்டும். தட்டு பாதி உயரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பின்பக்கம், தரையோடு மூடும் இடுக்கில், ஏழுமலை அண்ணன் மாட்டியிருந்தார். சீசனுக்கு முன்பு இடுக்கில் இறுகிப்போன சேற்றைச் சுரண்டுவது அவர் வேலை. காலை உள்ளே விட்டுத்தான் சுரண்ட முடியும். முன்பக்கம் எழும்பினால் பின்பக்கம் மூடிக்கொள்ளும். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் இல்லை. அவர் கத்தவில்லை. "எடுங்கடா, எடுங்கடா" என்று, ஏதோ மூட்டையைத் தூக்கச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டை இறக்கியபோதுதான் கத்தினார்.

அடுத்து எல்லாரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சாவி என் பாக்கெட்ல இருக்குடா! ஆள் எறங்கினா சாவியை எடுத்துடுவேன்டா, இதோ பாருங்கடா!" என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். சாவி இல்லாமல் பொத்தான் வேலை செய்யாது. அதுதான் முற்றத்து வழக்கம், எல்லாருக்கும் தெரியும்.

அதுவே அவருக்கு வினையாயிற்று. ஏழுமலை அண்ணனின் தம்பி அய்யனார் கேட்டான்: "சாவி உங்கிட்ட இருந்துச்சுன்னா நீதானடா அமுக்கியிருக்கணும்? வேற எவன்டா அமுக்குவான்?"

விழாத் தோரணத்துக்கு வைத்திருந்த முழுக் கரும்பால் அடித்தார்கள். கரும்பு உடைந்தால் முனை ஈட்டி மாதிரி ஆகும். உடைந்த பிறகும் அடித்தார்கள்.

செருப்பை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 4

மாமாவுக்கு முன்பல் மூன்று போய்விட்டன. "இனிமே எனக்கு உப்பும் ஒண்ணுதான் சக்கரையும் ஒண்ணுதான்" என்கிறார். நான்தான் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

டிசம்பர் 5

எலக்ட்ரீசியன்கள் பொத்தான் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். பழுது ஏதும் இல்லை. மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். "சார், தட்டுக்குக் கம்ப்யூட்டர்ல இருந்தும் ஒரு ஒயர் போகுதாமே. அதுல இருந்து வந்திருக்குமான்னு பாத்துச் சொல்லுங்க. இல்லைன்னா வேந்தன் மேலதான் எழுதணும்."

நானும் அப்பாவும் போனோம்.

எனக்குப் புரிந்தவரை இதுதான் சங்கதி. தட்டைத் தூக்கும் புரோகிராமின் பெயர் டிப்10. அது தானாக எழுந்து எந்த வேலையும் செய்யாது, என்னை மாதிரி. வேறொரு புரோகிராம் அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஒயரில் சைகை போகும், தட்டு எழும்பும். சாவியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை, சாவி பொத்தானுக்கு மட்டும்தான். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: டிப்10-ஐ யார் யார் கூப்பிடுகிறார்கள்?

மிஷினிலேயே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. எல்லா புரோகிராமையும் துழாவி, எது எதன் பெயரைச் சொல்கிறது என்று காட்டும். ஊர் வம்பு பேசுவதற்கென்றே செய்த கட்டளை. அடித்துவிட்டுக் காத்திருந்தோம்.

மூன்று பெயர்கள் வந்தன. எடைமேடை புரோகிராம், காலி லாரி எடை புரோகிராம், சோதனை புரோகிராம். முதல் இரண்டும் லாரி வந்தால்தான் ஓடும். அன்று லாரியே வரவில்லை. சோதனை புரோகிராமை யாரும் தொட்டதாகப் பதிவு இல்லை.

"வேற எதுவும் இல்ல" என்றார் அப்பா.

"இன்னொரு தடவை தேடலாமா?"

"அதான் இல்லைன்னுட்டேனே. மிஷின் பொய் சொல்லாது."

அவர் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கண் கூசுகிறது போலிருக்கிறது.

டிசம்பர் 6

ஏழுமலை அண்ணனின் காலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு காலிலும் சீழ் என்கிறார்கள். போன சீசனில் அவருடைய சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டதற்கு, "ஏ கம்ப்யூட்டர் பொண்ணு, காத்து இலவசம், உழைப்பு இலவசமில்ல" என்று என்னையே பம்பு அடிக்க வைத்தார்.

சாயங்காலம் அய்யனார் எங்கள் வீட்டுக்கு வந்தான், கரும்பு வெட்டும் கத்தியோடு. மாமா பின்கட்டில் படுத்திருந்தார். அய்யனார் அவருடைய பைக் சீட்டைக் கிழித்தான். டாங்க்கைக் கொத்தினான். பெட்ரோல் வாசல் முழுக்க ஓடியது. கதவில் ஒரு வெட்டு. கத்தி மரத்தில் சிக்கிக்கொள்ள, காலை நிலையில் ஊன்றி ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். உள்ளே இருந்து அதன் முனை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எக்கா! ஒந்தம்பிய வெளிய அனுப்பு! எங்கண்ணனுக்குப் போன காலுக்கு இவன் கையி!"

"அவன் செய்யலப்பா, சத்தியமா செய்யலப்பா" என்று அம்மா கதவைத் தோளால் தாங்கிக்கொண்டே அழுதாள்.

"அப்ப யாரு செஞ்சது? சொல்லு, போயிடறேன்!"

அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கூழாகிப்போன பிறகும், ஆட்கள் வந்து அய்யனாரை இழுத்துப்போகும் வரை, பிசைந்தார்.

டிசம்பர் 8

பாலிடெக்னிக் விடுதியில் வார்டன் குரலில் பேசிப் பல பேரை மொட்டை மாடிக்கு ஓடவிட்டிருக்கிறேன். எவளும் என்னைக் காட்டிக்கொடுக்க முடிந்ததில்லை, ஏனென்றால் கூப்பிட்டது நான் என்று எங்கேயும் இல்லை.

பாத்திரம் கழுவும்போது அது மண்டையில் உறைத்தது. அந்தத் தேடும் கட்டளை முழுதாக எழுதி வைத்த பெயரை மட்டும்தான் பார்க்கும். ஒரு புரோகிராம் 'டிப்' என்பதை ஒரு இடத்திலும் '10' என்பதை வேறொரு இடத்திலும் வைத்துக்கொண்டு, கூப்பிடும் நேரத்தில் ஒட்டிக் கூப்பிட்டால்? ஊர் வம்புக்காரிக்குத் தெரியவே தெரியாது.

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, பேரைத் துண்டாக்கி வெச்சு, அப்புறம் ஒட்டிக் கூப்பிட முடியுமா?"

அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. கண் தெரியாததால்.

"யாரு அப்படியெல்லாம் எழுதுவா?" என்றார்.

"தேடினா கிடைக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க."

"போய்த் தரையைத் துடை."

துடைத்தேன். துடைக்கும்போது யோசித்தேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடுவதை விட்டுவிட வேண்டும். கூப்பிடும் வரை கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

டிசம்பர் 9

ஏழுமலை அண்ணன் விடிகாலையில் இறந்துவிட்டார்.

பிணத்தை ஆலை வாசலில் வைத்துக் கல்லெறிந்தார்கள். கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடியும் உடைந்தது. பிறகு குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். மாமா பின்வழியாகக் கரும்புக் காட்டுக்குள் ஓடினார். அவருக்கு முட்டி வீங்கியிருந்ததால் ஓட்டம் இல்லை, நொண்டல்தான். வாய்க்கால் கரையில் பிடித்தார்கள்.

நான் சுவர் மேல் ஏறிப் பார்த்தேன். இரண்டு பேர் தோளை அமுக்க, ஒருவன் கையை வாய்க்கால் கல் மேல் இழுத்து வைத்தான். மாமா "எம்மா எம்மா" என்றார். அய்யனார் பொத்தான் அமுக்கும் கை எது என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். வலதாக இருக்கும் என்று அவனே முடிவு செய்தான். கத்தி கல்லில் பட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும்.

"இது காலுக்கு" என்றான் அய்யனார். "உசுருக்கு இன்னும் பாக்கி இருக்கு."

அம்மா புடவைத் தலைப்பால் சுற்றினாள். நான் விரல்களைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம், அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அசல் டிப்10-க்கு வேறு பெயர் வைத்து ஓரமாகத் தள்ளினேன். அதே பெயரில் என்னுடைய போலி ஒன்றை நிறுத்தினேன். ஏழெட்டு வரிதான். யார் கூப்பிட்டாலும் தட்டைத் தூக்காது. 'என்னைக் கூப்பிட்டது இன்னார்' என்று திரையில் பெயரை மட்டும் காட்டும். நான் செய்ததிலேயே மிகச் சிறிய குறும்பு.

டிசம்பர் 10

மாமா இப்போது போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில். காவல் அவர் ஓடாமலிருக்க. அய்யனார் வராமலிருக்க இல்லை. அவன் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

வயலில் கரும்பு காய்கிறது, இனியும் தள்ள முடியாது என்று விழாவை நாளை மறுநாள் வைத்துவிட்டார்கள். முதலில் இரங்கல், பிறகு சாந்தி பூஜை, பிறகு பொத்தான். ஒரே மேடையில்.

மேனேஜர் அப்பாவின் தோளில் தட்டினார். "வருஷா வருஷம் மாதிரி இந்த வருஷமும் பிசிறில்லாம நடக்கணும் சார்."

அப்பா தனியாகக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். "நீ வெளியில நில்லு" என்றார். கட்டுப் போட்ட கண்ணோடு, திரையில் மூக்கு படும்படி குனிந்து எதையோ அடித்தார். இரண்டே வரி. உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்பில் பச்சையாக 12 என்று மட்டும் தெரிந்தது.

என்ன மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 12

முற்றம் நிறைய கூட்டம், கூட்டத்தைவிட அதிகமாகப் போலீஸ். தட்டின் மேல் மாலை போட்ட லாரி. யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அப்பாதான் கட்டச் சொன்னாராம். மூன்று தடவை போய்ச் சரி பார்த்தாராம்.

நானும் அவரும் கம்ப்யூட்டர் அறையில். ஒலிபெருக்கியில் மந்திரம். நல்ல நேரம் வந்தது. தலைவர் பொத்தானை அமுக்கினார்.

தட்டு அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தான். "அண்ணன் உசுரக் குடிச்ச தட்டு, ஒனக்கு ஏறாதுடா!" என்று ஒரு குரல். அது அய்யனார். செருப்பு ஒன்று மேடைக்குப் பறந்தது.

இங்கே திரையில் ஒரு வரி வந்து நின்றது. அப்பாவுக்குப் பச்சையாக ஏதோ வந்தது மட்டும் தெரிந்திருக்கிறது.

"என்னம்மா வந்திருக்கு?"

நான் அந்த வரியை மனதுக்குள் இரண்டு தடவை படித்தேன்.

"படி. எழுத்து எழுத்தா படி."

"என்னைக் கூப்பிட்டது பூஜை."

வெளியே கல் விழத் தொடங்கியது. அப்பா கட்டில்லாத கண்ணையும் மூடிக்கொண்டார்.

மெதுவாகச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் விழாவில் பொத்தான் வேலை செய்யவில்லை. அப்போதிருந்த தலைவர் மேடையிலேயே, மொத்த ஊர் பார்க்க, அவரைக் கன்னத்தில் அறைந்தார். அடுத்த வருடம் அப்பா 'பூஜை' எழுதினார். மேடைப் பொத்தான் வெறும் பொம்மை. குறித்த தேதி, குறித்த நேரம் வந்ததும் பூஜை தானாக எழுந்து டிப்10-ஐக் கூப்பிடும். தலைவர் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் தட்டு ஏறும். தேடினால் கிடைக்கக் கூடாதென்று பெயரைத் துண்டாக்கி வைத்தார். ஒவ்வொரு வருடமும் தேதியை மட்டும் மாற்றுவார்.

"மூணாம் தேதின்னு போட்டிருந்தேன். விழா தள்ளிப்போச்சு. தேதி தள்ளிப்போகல."

"மாமா விரல் போச்சுப்பா."

"நான் சொன்னா என்னைக் கொன்னுடுவாங்கம்மா."

"சொல்லலைன்னா மாமாவைக் கொன்னுடுவாங்க. கூட்டம் முடிஞ்சதும் அவன் திரும்ப அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத்தான் போவான்."

அவர் கை தடவித் தடவி விசைப்பலகையைத் தேடியது. திரையை அழிக்கப் பார்க்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு மெலிந்த கை என்று எனக்குத் தெரியாது.

"நாளைக்குக் காலையில நீங்க போகலைன்னா நான் போய்ச் சொல்லுவேன்பா."

டிசம்பர் 13

காலையில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். அவள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள், அடுப்பு எரியவில்லை.

"செருப்பு எடுத்துட்டு வாம்மா."

இரண்டையும் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். மாட்டிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணால், கொஞ்ச நேரம்.

ஆலை வாசலில் அய்யனாரும் முப்பது நாற்பது பேரும் இருந்தார்கள். அப்பா நேராக அவனிடம் போனார். "வேந்தன் ஒண்ணும் செய்யலப்பா. தட்டைத் தூக்கச் சொன்னது நான் எழுதின புரோகிராம். தேதியை மாத்தாம விட்டது நான்."

அய்யனாருக்கு முதலில் புரியவில்லை. "இன்னா சார் சொல்றீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அப்பா மறுபடி சொன்னார். இந்த முறை சத்தமாக.

அவன் கையில் அன்று கத்தி இல்லை. நல்ல நேரம் என்றால் அதுதான். முதல் அடி வாயில். கீழே விழுந்ததும் உதைத்தார்கள். விலாவில் ஏதோ நொறுங்கியது எனக்குக் கேட்டது. அய்யனார் அழுதுகொண்டே அடித்தான். "சொல்லியிருக்கலாம்ல, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, அந்தாள் கைய வெட்டிட்டனேடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். உடைந்த கரும்பு ஒன்று அப்பாவின் கண்கட்டின் மேல் இறங்கியது. நான் மேலே விழுந்து படுத்துக்கொண்டேன். முதுகில் இரண்டு விழுந்தன, பிறகு போலீஸ் வந்தது.

டிசம்பர் 15

புரை எடுத்த கண் போய்விட்டது. மூன்று விலா எலும்பு முறிவு. பிழைத்துக்கொள்வார்.

மாமாவை விட்டுவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதினார். "விழா தள்ளிப்போனது முந்தின நாளே தெரியுமே சார். அப்பவே போய் மாத்தியிருக்கலாமே, ஏன் போகல?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்றார் அப்பா. "வேற ஒண்ணும் காரணம் இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா, "அப்பா செருப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போடி, இங்க தொலைஞ்சிடும்" என்று பையைக் கொடுத்தாள். ஆலை வாசலில் யாரோ பொறுக்கிக் கொடுத்தனுப்பிய பை. பிரித்துப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

இந்த முறை நான் ஒளித்து வைக்கவில்லை.